ஏழாம் கட்டிலின் குளியல் நேரம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஓசூர்த் தொழிற்சாலையொன்றில் ஷிப்டு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்று, தளி சாலையில் ஒரு முதியோர் இல்லத்தை நிர்வகிக்கும் பொறுப்பை ஏற்றேன். பழைய பழக்கத்தில் கட்டில்களுக்கு எண்ணிட்டேன். காலை ஆறு மணிக்கு அனைவருக்கும் குளியல் என விதித்தேன்.

அங்கே ஓர் ஆயா இருந்தார். நெடிய உருவம், முன்பல் ஒன்று இல்லை. எவரையும் தொடுமுன் தம் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார்.

ஏழாம் கட்டில் முதியவர் காலைக் குளியலுக்கு மறுத்துக் கத்தினார். அவரை ஏற்க வெளியே ஆளில்லை என அறிந்திருந்தும், "அடங்காதவர், வெளியேற்றுக" என்று குறிப்பெழுதினேன்.

அன்று மாலை ஆயா அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். முதியவர் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"யாரைக் கேட்டு இந்நேரத்துல ஊத்துற ஆயா?" என்று அதட்டினேன்.

"அவரைத்தான் கேட்டேன் சார். காடு கழனி வேலை முடிச்சு, பொழுது சாயக் குளிச்சே பழக்கமாம். பேரு சொல்லிக் கூப்பிட்டேன், கூடவே வந்துட்டாரு. ஏழுன்னு கூப்பிட்டா நீங்க வருவீங்களா?"

குறிப்பைக் கிழித்தேன். எண்களை அழித்துப் பெயர்களை எழுதினேன். குளிக்கும் நேரத்தை ஒவ்வொருவரிடமும் கேட்டேன்.

சில மாதங்களில் ஆயா வேலையை விட்டு, மகள் இருக்கும் சாமல்பட்டிக்குச் சென்றுவிட்டார். நன்றிக் கடிதம் எழுதி முடித்தபோதுதான், உறைமேல் எழுத அவர் பெயர் எனக்குத் தெரியாதென உணர்ந்தேன். வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். என் கையெழுத்தில், "ஆயா - 2" என்றிருந்தது.

இந்த நினைவுக் குறிப்பைத் தங்கள் ஆவணக் காப்பகத்தில் பத்திரப்படுத்தி வைக்க வேண்டுகிறேன்.