நிரஞ்சியும் மாடு தின்ற சுவரொட்டிகளும்

எங்கள் வகுப்புத் தோழர்களுக்கென்று வட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. பிறந்தநாளுக்குப் படம் போடுவதும் வாழ்த்துவதும்தான் அதன் பிரதான வேலை. சென்ற மாதம் ஒரு காலை, முதலாம் வருட மாணவர்களுக்கு நிறப் பயிற்சி ஒன்றைக் கொடுத்துவிட்டு மேசையருகே நின்றபோது, அந்தக் குழுவில் நிரஞ்சலாவின் படம் வந்தது. கீழே ஒரு எழுத்தும் இல்லை. பிறந்தநாளாக்கும் என்று நினைத்து, ‘வாழ்த்துகள் நிரஞ்சி, கேக் எங்கே?’ என்று பாதி எழுதிவிட்டேன். அதற்குள் அடுத்த செய்தி வந்தது. முதல்நாள் தன் அச்சுக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தவள் தலையிடி என்று கதிரையில் சாய்ந்தாளாம். மூளையில் இரத்தக் கசிவு. விடிவதற்குள் போய்விட்டாள். நான் எழுதியதை அழித்துவிட்டு வெளியே போய் வேப்பமரத்தின் கீழ் நின்று அழுதேன். மாணவர்கள் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அஞ்சலி எழுதுகிறவர்கள் ‘அவர்’ என்று எழுதுவதுதான் வழக்கம். நிரஞ்சியை நான் ‘அவர்’ என்று எழுதினால் அவளே சிரித்துவிடுவாள். நான்கு வருடங்கள் ஒரே வகுப்பில் கிராபிக் டிசைன் படித்தோம். அவள் கண்டாவளை, நான் புதுக்குடியிருப்பு. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பரந்தன் சந்தி வரைக்கும் ஒரே பஸ். அந்த நான்கு வருடங்களிலும் நான் அவளோடு சண்டை பிடிக்காத கிழமை குறைவு. பெரும்பாலும் அவள் சொன்னதுதான் சரியாக இருந்திருக்கும். அதுவே எனக்குப் பெரிய எரிச்சல்.

முதலாம் வருடத்தில் ஒரு விரிவுரையாளர், ‘உங்கள் ஊரிலிருந்து நல்ல வடிவமைப்பு ஒன்றைக் கொண்டு வாருங்கள்’ என்றார். நாங்கள் வாசனைத் திரவியப் பெட்டி, சஞ்சிகை அட்டை, வெளிநாட்டுச் சொக்கிளேற் உறை என்று அடுக்கினோம். நிரஞ்சி ஒரு துருப்பிடித்த தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய அப்பா படலையில் கட்டியிருந்த தகரம். சிவப்பு வர்ணத்தில், கோணல்மாணலான எழுத்தில், ‘கடிநாய் கவனம்’. வகுப்பே சிரித்தது. விரிவுரையாளரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இதில் என்ன நல்ல வடிவமைப்பு என்று கேட்டார்.

“இதைப் பாத்திட்டு ஒருத்தரும் உள்ளுக்கு வாறேல்ல சேர். எங்களிட்ட நாயே இல்லை.”

அந்தப் பயிற்சிக்கு அவளுக்குத்தான் அதிக புள்ளி. சொக்கிளேற் உறை கொண்டுபோனது நான்.

அவளுக்கென்று ஒரு வேலைமுறை இருந்தது. எதைச் செய்தாலும் விரிவுரையாளரிடம் காட்டுவதற்கு முன்பு பஸ்ஸில் காட்டுவாள். மடித்த தாளை எடுத்துப் பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பாள். யாராக இருந்தாலும் சரி, மீன்பெட்டியோடு ஏறியவராக இருந்தாலும் சரி. ஒருமுறை என்னுடைய சுவரொட்டியையும் பறித்துக் கொண்டக்டரிடம் கொடுத்தாள். இரத்ததானத்துக்காக நான் ஒரு கிழமை இருந்து செய்தது. வெள்ளைத் தாளின் நடுவில் ஒரேயொரு சிவப்புத் துளி. அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“நல்லா இருக்குத் தம்பி. எந்தக் கடைக்கு?”

நான் அவருக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினேன். நிரஞ்சி என் காலை மிதித்தாள். அவர் போன பிறகு சொன்னாள்: “பக்கத்தில நிண்டு விளங்கப்படுத்தினா அது டிசைன் இல்லை கோபி, கதை. உமக்கு வெள்ளைத் தாளில இருக்கிற பாசம் மனிசரில இல்லை.” கோபி என்பது நான்தான். பரந்தன் வரும்வரைக்கும் நான் அவளோடு பேசவில்லை. அவள் கச்சான் வாங்கி முக்கால்வாசியை என் கையில் கொட்டினாள். சமாதானம் என்றால் அவளுக்கு அதுதான். வாயால் மன்னிப்புக் கேட்டு நான் கேட்டதில்லை.

இனி, எல்லோருக்கும் தெரிந்த அந்த மாட்டுக் கதைக்கு வருகிறேன். அதை நான் முழுதாகச் சொல்லியே ஆகவேண்டும்.

இறுதி வருடச் செயற்றிட்டத்தை இரண்டு பேராகச் செய்ய வேண்டும். என்னையும் நிரஞ்சியையும் சேர்த்துப் போட்டார்கள். அந்த மாரியில் கண்டாவளைப் பக்கம் வெள்ளம். கிணறுகளுக்குள் வெள்ளத் தண்ணீர் இறங்கி, பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லும் சுவரொட்டிகளை வடிவமைத்து, ஊரில் ஒட்டி, என்ன பயன் என்று அறிக்கை எழுதுவதாக முடிவு செய்தோம். அறிக்கையின் முதற் பக்கத்தில் வேலைப் பிரிவை எழுதினோம். வடிவமைப்பு நான், வெளிக்கள வேலை அவள். அந்த வருடம் எங்கள் துறையில் ஒரேயொரு தற்காலிக உதவி விரிவுரையாளர் இடம் இருந்தது. அது எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் என்று துறை முழுவதும் பேச்சு. நாங்கள் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. ஆனால் நான் அதைத் தவிர வேறொன்றையும் நினைக்கவில்லை.

ஒட்டவேண்டிய நாளன்று அவர்களுடைய வயல் வரம்பு உடைந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் மண் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நிரஞ்சி சேறும் கையுமாக ஒழுங்கைக்கு ஓடி வந்தாள்.

“நீர் போய் ஒட்டும். பசைக்குள்ள கொஞ்சம் வேப்பெண்ணெய் விடும், மாடு வாய் வைக்காது. எட்டாத உயரத்தில ஒட்டும். மேய்ச்சல் தரை எல்லாம் தண்ணி, மாடுகள் ரோட்டிலதான் நிக்குது.”

ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போனேன். கோதுமை மாவைக் காய்ச்சிப் பசை செய்தேன். வேப்பெண்ணெயில் இரண்டு துளியை ஒரு தாளில் விட்டுப் பார்த்தேன். மஞ்சளாக ஊறிப் பரவியது. என்னுடைய வெள்ளை! போத்தலை மூடி வைத்துவிட்டேன். உயரத்தையும், கண்ணுக்கு நேரே இருக்கவேண்டும் என்று புத்தகத்தில் படித்தபடியே வைத்தேன். இருபத்தைந்தும் ஒட்டி முடிந்ததும் தூர நின்று பார்த்தேன். அவ்வளவு வடிவாக இருந்தன.

மூன்றாம் நாள் படமெடுக்க இருவரும் போனோம். ஒன்றே ஒன்றுதான் முழுதாக மிஞ்சியிருந்தது. வாசிகசாலைச் சுவரடியில் ஒரு சிவலைப் பசு நின்று மென்றுகொண்டிருந்தது. அதன் வாயோரத்தில் நான் மினக்கெட்டுத் தேர்ந்த நீல நிறத்தில் ஒரு துண்டு தொங்கியது. நிரஞ்சி பசுவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்படியே ரோட்டில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. அவள் எழும்பி முதலில் பசுவைப் படம் எடுத்தாள். பிறகு கரிக்கட்டை ஒன்றைத் தேடிப் பிடித்து, மாடு நக்கி முடித்த சுவர்களில் எல்லாம் ‘தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடியுங்கோ’ என்று பெரிதாக எழுதிக்கொண்டு போனாள். ஏன் வேப்பெண்ணெய் விடவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுபடி அச்சடிக்க நாள் இல்லை. சுவர்களின் படத்தில் கணினியில் சுவரொட்டியை ஏற்றி, ஒட்டியதுபோலக் காட்டிவிடலாம் என்றேன். டிசைன் படிக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதானே?

“ஏத்தும். ஆனா இது ஒட்டி இருக்குது, சனம் வாசிக்குது எண்டு மட்டும் சொல்லாதையும். அங்க பிள்ளையளுக்கு வயித்தால போகுது.”

கடைசியில் நாங்கள் பசுவின் படத்தைத்தான் கொண்டுபோனோம். பரிசோதகர்களில் இருவர் சிரித்தார்கள். வெளியிலிருந்து வந்த மூன்றாமவர் சிரிக்கவில்லை. நிரஞ்சியைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார். கண்டாவளை என்றாள். “அங்க பிறந்து வளந்த உமக்கு மாடு பேப்பர் தின்னும் எண்டு தெரியாதா? இந்தப் பசையை ஆர் செய்தது?” என்றார். நிரஞ்சி திரையில் இருந்த பசுவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என் கையிலிருந்த குறிப்புத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவள் சொன்னாள்:

“வெளிக்கள வேலை என்ர பொறுப்பு சேர்.”

எனக்கு முதல் வகுப்பு கிடைத்தது. அவளுக்கு வெளிக்களப் புள்ளி குறைந்து இரண்டாம் வகுப்பு. உதவி விரிவுரையாளர் இடம் எனக்கு. அந்தக் கதிரையிலிருந்துதான் நான் இன்றைய இடத்துக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு வகுப்பில் அவளுக்கு ‘மாட்டு டிசைனர்’ என்று பெயர் வைத்தோம். பன்மையில்தான் எழுதுகிறேன், நானும் சொல்லியிருக்கிறேன். அவளா சளைத்தவள்? கிளிநொச்சியில் அச்சுக்கடை போட்டபோது, கடதாசி மெல்லும் பசுவையே கடைச் சின்னமாக வரைந்து பெயர்ப்பலகையில் ஏற்றினாள். கிளிநொச்சியில் எத்தனையோ கடைகள் இருக்க, சனம் ‘மாட்டுக்கடை’ என்று கேட்டு வந்தது. பூப்புனித நீராட்டு விழாப் பதாகையானாலும் நெல் விதைப் பை ஆனாலும், கடை வாசலில் போகிற வருகிற யாரையாவது மறித்து, “இதில என்ன போட்டிருக்கு, சொல்லுங்கோ” என்று கேட்ட பிறகுதான் அச்சுக்கு விடுவாள்.

சென்ற வருடம் என் மாணவர்களை அவளிடம் அழைத்துக்கொண்டு போனேன். அச்சு இயந்திரத்தைக் காட்டினாள், எல்லோருக்கும் பிளேன்ரீ கொடுத்தாள். பிறகு மாட்டுக் கதையைச் சொன்னாள். “நான் வேப்பெண்ணெய் விட மறந்திட்டன் பிள்ளையள். நீங்கள் மறந்து போகாதேங்கோ.” அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் கடை வாசலில் நின்றேன்.

மாணவர்கள் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

“நிரஞ்சி, ஏன் அண்டைக்கு அவரிட்ட உண்மையைச் சொல்லேல்ல?”

எதைக் கேட்கிறேன் என்று அவளுக்கு விளங்கியது. கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

“நீர் சொல்லுவீர் எண்டு கொஞ்ச நேரம் பாத்தனான். பிறகு அந்த சேர் மணிக்கூட்டைப் பாத்தார். ஆரோ ஒராள் சொல்லத்தானே வேணும்.”

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பஸ்ஸில் ஏறியதும் மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஓமந்தை வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தேன். சொல்லவில்லை.

வகுப்புத் தோழர்களே, கண்டாவளையில் செத்தவீட்டிலும் நீங்கள் எல்லோரும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தீர்கள், சிரித்துக்கொண்டே அழுதீர்கள். அவளுடைய அப்பாகூட, “வேப்பெண்ணெய் விட மறந்த விசரி” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். அவருக்குப் பக்கத்துக் கதிரையில்தான் நான் இருந்தேன்.

ஐயா, அவள் மறக்கவில்லை. அன்று அவள் உங்களோடு வரம்பில் மண் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். பசையைக் காய்ச்சியது நான். தாள் மஞ்சளாகிவிடும் என்று வேப்பெண்ணெய் விடாததும், மாடு எட்டும் உயரத்தில் ஒட்டியதும் நான். அவளுக்கு வந்திருக்க வேண்டிய இடத்தில் இத்தனை வருடமும் இருந்தவனும் நான்தான்.

நிரஞ்சியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, அந்தப் பரிசோதகர் முன்னால் அவள் எனக்குத் தந்த அந்தக் கொஞ்ச நேரம். மூச்சு இரண்டு தரம் எடுத்து விடுகிற அளவுதான் இருக்கும். அதில் நான் சொல்லியிருக்கலாம். நிரஞ்சி, இப்போது சொல்லிவிட்டேன். நீர் பார்த்துக்கொண்டு நின்றபோது சொல்லவில்லையே.