மூன்று மாதத்துக்கு உட்பட்ட விலாச அத்தாட்சி

எங்கள் தொழிலின் முதற்பாடம், ஹெட்செற்றுக்குள் கேட்கும் சத்தத்துக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்பது. அன்றிரவு கேட்ட சத்தம் ஹெட்செற்றுக்கு வெளியிலிருந்து வந்தது. ஜெர்மனியில், எசன் நகரத்தில், எங்கள் வீட்டு வாசற்கதவுப் பூட்டுக்குள், இரவு பதினொன்றரைக்கு, யாரோ ஒரு திறப்பை விட்டுக் கறண்டினார்கள். கிர்ர், கிர்ர், டொக். பிறகு ஒன்றுமில்லை. காதுக்குள் லீட்ஸ் பக்கத்து மனிசன் ஒருவர் தன் காசு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். முதற்பாடத்தின்படி அவருக்குப் பதில் சொன்னேன். என் குரல் நடுங்கியதை, தன் கோபத்துக்குக் கிடைத்த மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு வேலைக்கு உட்காரும் தாய்மாரே, உங்களுக்கு இது விளங்கும். பிரித்தானியாவில் கைத்தொலைபேசியில் கசினோ விளையாடுகிறவர்களுக்கு, காசைப் போட அரை நிமிஷம் போதும். அதை வெளியே எடுக்கும்போதுதான் நீர் யார், உம்முடைய வீடு எது, அட்டை உம்முடையதா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்பவள் நான். எட்டு மாத மகள் அறையில், கணவர் பேக்கரித் தொழிற்சாலையில், நான் குசினி மேசையில், மணிக்கட்டில் செபமாலை சுற்றியபடி. யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகள் திருத்தித் திருத்திக் கற்பித்த ஆங்கில உச்சரிப்பு கடைசியில் கசினோவுக்குப் பயன்படுகிறது. மாமியிடம் 'காசு சரிபார்க்கிற கந்தோரில் வேலை' என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். இதை வாசித்தால் தெரிந்துவிடும். தெரியட்டும்.

இன்னொன்று. வாடிக்கையாளர்கள் எல்லாரும் என்னை 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். மாமியை முன்னிட்டு அதை 'பிள்ளை' என்று மாற்றியிருக்கிறேன்.

நடு எண்கள்

வங்கி அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லும்போது, நடுவில் உள்ள எண்களை மறைக்கச் சொல்வோம். முதலும் கடைசியும் தெரிந்தால் போதும். நடு எண்களைப் பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை. ஒரு லொறிச் சாரதி நடுவை மட்டும் விட்டுவிட்டு, இரண்டு பக்கத்தையும் பிஸ்கற்றால் மறைத்து அனுப்பினார். பார்க்கக் கூடாதது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. உடனே அழித்துவிட்டு, மறுபக்கமாகச் செய்யுங்கோ என்றேன். அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தை அனுப்பினார்.

நாலாவது படத்தில் அட்டையே இல்லை. பெரிய உள்ளங்கை ஒன்று, அதில் பிஸ்கற் தூள். அட்டை கைக்குக் கீழே இருப்பதாகச் சத்தியம் செய்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, விதிமுறையை முதலிலிருந்து வாசித்தேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, என்ர மனிசியே என்னட்ட இவ்வளவு கேள்வி கேட்டுக் கலியாணம் கட்டேல்லை."

திறப்பு வைத்திருப்பவர்

அந்தக் கறண்டல் ஒரு நாளோடு நிற்கவில்லை. செவ்வாயும் வியாழனும் வந்தது. எப்போதும் பதினொன்றரை. கதவு பூட்டித்தான் இருந்தது. ஆனால் வெளியே நிற்பவரிடம் திறப்பு இருக்கும்போது, பூட்டை நம்பி என்ன செய்வது? எங்களுக்கு முன் இங்கே இருந்தவர்கள் ஒரு திறப்பைத் தங்களோடு கொண்டுபோயிருக்கலாம். அது இன்னும் தேயாமல் இருக்கலாம். இந்த 'லாம்'களோடு நான் அதிகாலை நாலு மணிவரை வேலை செய்தேன். எங்கள் ஊரில் நான் சிறு பிள்ளையாக இருந்த காலத்தில் இரவில் கதவடியில் சத்தம் கேட்டால், அம்மா முதலில் விளக்கை நூர்ப்பா. நானும் குசினி விளக்கை நூர்த்துவிட்டு, கணினி வெளிச்சத்தில் பிரித்தானியர்களுக்குப் பதில் சொன்னேன்.

கதவின் உட்பக்கம் ஒரு இரும்புத் திறாங்கு இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டால், எந்தத் திறப்பாலும் கதவைத் திறக்க ஏலாது. ஆனால் யாரோ புண்ணியவான் கதவோடு சேர்த்துத் திறாங்குக்கும் வெள்ளைப் பெயின்ற் பூசியிருந்தார், அதுவும் மூன்று தரம். அது அசையவில்லை. கணவரிடம் சொன்னேன். பாண் மணக்க மணக்க வந்த மனிசன், சப்பாத்தைக் கழற்றியபடி சொன்னார்: "நீர் திறாங்கு போட்டால் நான் விடிய எப்பிடி உள்ளுக்கை வாறது? மணி அடிச்சால் குட்டி எழும்பிவிடுவாள். அதோடை கள்ளன் வந்து எங்கட வீட்டிலை எதை எடுக்கிறது, பம்பர்ஸையோ?"

ஆர்தரும் தண்ணீர் பில்லும்

ஆர்தர், ஹல் நகரத்தில் ஓய்வுபெற்ற தச்சர். வென்ற காசில் வீட்டைச் சூடாக்கும் புதுப் பொயிலர் ஒன்று பூட்ட வேண்டும். பழையது நின்றுபோய், வீட்டுக்குள் குல்லாவோடு இருக்கிறார். எல்லா ஆவணமும் சரி, விலாச அத்தாட்சி மட்டும் இல்லை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட பில் ஒன்று, அவருடைய பெயரில் வேண்டும். அவர் தண்ணீர் பில், கரண்ட் பில், ரெலிபோன் பில் எல்லாம் அனுப்பினார். எல்லாவற்றிலும் ஜோன் என்றே பெயர். ஜோன் அவருடைய மனைவி. இறந்து இரண்டு வருஷம்.

"நீங்கள் அங்கே வசிப்பதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை" என்ற வசனத்தை, திரையில் இருந்தபடியே வாசித்தேன். முற்றுப்புள்ளியில் மூச்சு விட்டேன், கற்பித்தபடி. பெயரை மாற்றித் தரச் சொல்லித் தண்ணீர்க் கந்தோரில் கேளுங்கோ என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவுதான் சொன்னார்: "நாற்பது வருஷம் பில் கட்டினது அவ. பெயரை எடுத்துவிட்டால், இந்த வீட்டுக்கு வாற ஒரு கடிதத்திலையும் அவ இருக்கமாட்டா, பிள்ளை."

சும்மா தருவது

பொனஸ் பற்றி ஒரு பெண் கேட்டார். முதியோர் இல்லத்தில் இரவு வேலை. 'இலவச பொனஸ்' என்று வந்ததாம், எடுக்கப் போனால் விடவில்லையாம். பொனஸை அத்தனை தரம் விளையாடி முடிக்க வேண்டும், இன்ன விளையாட்டுக் கணக்கில் சேராது, இன்ன நாளுக்குள் முடிக்காவிட்டால் இல்லை என்று நிபந்தனைகளை வாசிக்கத் தொடங்கினேன். இடையில் நிறுத்தக் கூடாது என்பது சட்டம்.

நடுவில் தேநீர்க் கோப்பைச் சத்தம் கேட்டது. பிறகு பல பேருடைய மூச்சு. அவர் என்னை ஸ்பீக்கரில் போட்டு, தாதிமார் எல்லாரையும் கூட்டி வைத்திருந்தார். கூடவே நித்திரை வராத இரண்டு கிழவிகளும். வாசித்து முடிய அங்கே கைதட்டினார்கள். எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது, மேடையில் செய்யுள் ஒப்புவித்த நாளைப் போல. ஒரு கிழவி கிட்ட வந்து கேட்டா: "வடிவாய் வாசிச்சாய் பிள்ளை. சும்மா தாறதெண்டால், அதை ஏன் இவ்வளவு நீளமாய் எழுதி வைச்சிருக்கிறியள்?"

ஆதாரம் இல்லை

திறாங்கைத் திருத்தித் தரச் சொல்லி, வீட்டை நிர்வகிக்கும் கந்தோருக்குப் பகலில் ரெலிபோன் எடுத்தேன். எடுத்த அம்மா நல்ல மாதிரி. அன்ராக், அதாவது விண்ணப்பம், எழுதித் தர வேண்டும், சரி. வீட்டு ஒப்பந்தத்தில் உள்ளவர் எழுத வேண்டும், அங்கேதான் பிடிபட்டேன். ஒப்பந்தத்தில் கணவர் மட்டும். என் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர். வதிவிட அட்டையில் அதே பெயர் இரண்டு துண்டாக. கீழே அழைப்புமணியில் கணவரின் பெயர். அவருடைய பெயரின் எந்தத் துண்டும் என்னிடம் இல்லை.

நான் இந்த வீட்டில்தான் படுக்கிறேன், சமைக்கிறேன், பயப்பிடுகிறேன் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவ பொறுமையாகக் கேட்டா. இரண்டு பேருடைய பெயரையும் சேர்த்துப் போட ஒரு படிவம் இருக்கிறது, கேட்டால் அனுப்புவோம் என்றா. கேட்காவிட்டால் அனுப்பமாட்டார்களாம். அதுவரைக்கும் என்ன செய்வது என்று கேட்டேன். முற்றுப்புள்ளியில் மூச்சு விட்டுச் சொன்னா: "நீங்கள் அங்கே வசிக்கிறதுக்கு எங்களிடம் ஆதாரம் இல்லை."

ரெலிபோனை வைத்துவிட்டுச் சிரித்தேன். மகளும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமல். அன்றிரவே ஆர்தருக்கு அழைப்பெடுத்துச் சொன்னேன், பெயரை எடுக்க வேண்டாம், இரண்டு பெயரையும் போடச் சொல்லிக் கேளுங்கோ, நாங்கள் கேட்காமல் அவர்கள் சொல்லமாட்டார்கள் என்று.

மனைவியின் அட்டை

அடுத்தவருடைய அட்டையால் காசு போட ஏலாது. பர்மிங்ஹாமில் ஒருவர், குளியலறைக்குள் நின்று, குரலைத் தாழ்த்தி, மனைவியின் அட்டை ஏன் எடுபடவில்லை என்று விசாரித்தார். நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. ரெலிபோன் கை மாறியது. "நீ ஆர்?" என்றது ஒரு பெண் குரல்.

தனியுரிமைச் சட்டப்படி, அந்தப் பெயரில் எங்களிடம் கணக்கு இருக்கிறதென்றும் சொல்லக் கூடாது, இல்லையென்றும் சொல்லக் கூடாது. அதைத்தான் மெதுவாக, மரியாதையாகச் சொன்னேன். எந்த நிறுவனம், எந்த அட்டை, எதையும் உறுதிப்படுத்த ஏலாது. நான் சொல்லி முடிக்கும்வரை அந்த மனைவி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நன்றி பிள்ளை. நீ சொல்லாத எல்லாம் எனக்கு விளங்கீற்றுது."

பெயின்ற்

ஒரு வியாழன் இரவு ஆர்தர் அழைத்தார். புதுத் தண்ணீர் பில் அனுப்பியிருந்தார். ஜோன், கீழே ஆர்தர். பார்த்தேன், ஏற்றுக்கொண்டேன், காசு போகிறது என்றேன். அந்த நேரம் பார்த்து ஏதோ பலகை முறிந்ததுபோல் படிக்கட்டில் ஒரு சத்தம். என்னையறியாமல் "யேசுவே" என்றுவிட்டேன். என்ன என்று கேட்டார். வேலை செய்யும்போது சொந்தக் கதை சொல்லக் கூடாது. சொன்னேன். திறப்பு, திறாங்கு, மூன்று பூச்சுப் பெயின்ற், எல்லாம்.

தச்சருக்குப் பொயிலர் மறந்துபோயிற்று. "தலைமயிர் காயவைக்கிற மெசின் இருக்கோ?" என்றார். இருந்தது. "மெழுகுதிரி?" மகளின் ஞானஸ்நான மெழுகுதிரி இருந்தது. கணினியைச் சப்பாத்துத் தட்டின் மேல் வைத்து, ஹெட்செற்றைக் கழற்றி, அவர் குரலை வெளியே விட்டேன். சூடு காட்டு, கத்தி நுனியால் ஓரத்தைக் கீறு, திரும்பவும் சூடு காட்டு. மெசின் இரைந்தது. மகள் அசையவில்லை, அந்த இரைச்சலில்தான் அவள் தினமும் தூங்குவாள். பெயின்ற் தோடம்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது. மெசினை நிறுத்தினேன், மெழுகு பூசுவதற்கு.

கிர்ர். கிர்ர். முகத்துக்கு நேரே.

நான் கதவை விட்டு ஒரு அடி பின்னால் போனேன். ஆனால் கணினிக்குள் இருந்து ஆர்தர், ஹல் துறைமுகம் முழுவதற்கும் கேட்கிற குரலில், "ஆரடா அது?" என்று கத்தினார். வெளியே ஏதோ கீழே விழுந்தது. பிறகு ஒரு கிழட்டு ஜெர்மன் குரல், மிகவும் வெட்கப்பட்டு: மன்னிக்க வேண்டும், மாடி மாறிவிட்டேன். மேல் மாடிக் கிழவர். செவ்வாயும் வியாழனும் மூலைக் கடையில் சீட்டாடிவிட்டு வருகிறவர். எங்களுடையதும் அவருடையதும் ஒரே சூரியகாந்திக் கால்மிதி, ஒரே மலிவு விற்பனையில் வாங்கியது. அவர் படியை எண்ணுவதில்லை. கால்மிதியைப் பார்த்துத்தான் திறப்பை எடுப்பாராம்.

நான் நிலத்தில் இருந்து சிரித்தேன். கண்ணீர் வந்தது. ஆர்தரும் சிரித்தார், இருமல் வரும்வரை. திரையில், மால்ரா தீவில் உள்ள தலைமைக் கந்தோரிலிருந்து என் மேற்பார்வையாளரின் செய்தி ஒளிர்ந்தது. அவ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறா: "விலாசச் சரிபார்ப்புக்கு முழுப் புள்ளி. தலைமயிர் மெசினை எந்தத் தலைப்பின் கீழ் பதியிறது எண்டு மட்டும் சொல்லு."

வைப்பதற்கு முன் ஆர்தர், தன் கணக்கையும் பூட்டச் சொன்னார். தானே திறக்கச் சொல்லிக் கெஞ்சினாலும் திறக்கக் கூடாத பூட்டு அது. ஆறு மாதமா, ஒரு வருஷமா, ஐந்து வருஷமா என்று விதிப்படி கேட்டேன். "ஐந்து போடு பிள்ளை. பொயிலர் வந்தால் கையும் சூடாகிவிடும், சூடான கை திரும்ப விளையாடக் கேக்கும், எனக்குச் சரிவராது."

பாதுகாப்புக் கேள்வி

மெழுகு பூசின திறாங்கு, ஒரு விரலால் தள்ளப் போயிற்று. விடிய அஞ்சரைக்கு மறுபடியும் திறப்புச் சத்தம். கதவு அசையவில்லை. "நான்தான், திறவும்" என்றது வெளியே. ஆள் யாரென்று எனக்குத் தெரியும். ஆனாலும் இரவு முழுக்கக் கேட்ட வாய் நிற்கவில்லை. முழுப்பெயர், பிறந்த திகதி, பதிவு செய்த விலாசத்தின் தபால் எண், எல்லாம் கேட்டேன். கிசுகிசுத்துக்கொண்டே மூன்றுக்கும் பதில் சொன்னார். மூன்று மாதத்துக்கு உட்பட்ட அத்தாட்சி ஏதும் இருக்கிறதா என்றேன். "இரண்டு பாண் இருக்கு, இண்டைக்குச் சுட்டது," என்றார்.

உள்ளே வந்தவர், நிலம் முழுக்கக் கிடந்த பெயின்ற் தோலையும், பாதி தேய்ந்த ஞானஸ்நான மெழுகுதிரியையும், வீங்கிய என் கண்ணையும் பார்த்தார். குனிந்து ஒரு பெயின்ற் தோலை எடுத்தார். "நீர் இவ்வளவு பயந்தனீர் எண்டு எனக்கு விளங்கேல்லை," என்றார்.

ஆதாரம் எல்லாம் சரியாகக் காட்டி உள்ளே வந்த முதல் ஆம்பிளை, பாணை என் கையில் தந்துவிட்டு, திறாங்கைத் தானே தள்ளிப் பூட்டினார்.