பால் ஊற்றாத சூப்பு

டாக்டர் எனக்குப் பாலை நிறுத்திவிட்டார். காபி போய்விட்ட துக்கத்தில் இருந்தவனுக்குக் கனடாவிலிருந்து மகள் போனில் சூப்பு சொல்லிக் கொடுத்தாள். "பயறும் கீரையும் வேக வைங்கப்பா. பாதியை எடுத்து மிக்ஸில அடிச்சுத் திரும்ப அதுலயே ஊத்துங்க. பால் ஊத்துன மாதிரியே கெட்டியா இருக்கும்."

வரலாறு படித்தவன் செய்கிற சமையல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மூடியைச் சரியாக அழுத்தாததால் பாதி சூப்பு சுவரில் போயிற்று. மீதியைச் சட்டியில் ஊற்றியபோது அந்த நிறத்தைப் பார்த்தேன். வாய்க்கால் ஓரத்துப் பாசி மாதிரி ஒரு வெளிர்ப்பச்சை. வேகும் பயற்றின் அந்த வாசனையும் சேர்ந்துகொள்ள, சட்டியை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணிக்கு இதை யாரும் போனில் சொல்லித் தரவில்லை. பல வருஷத்துக்கு முந்தைய கதை அது, அப்போது நான் பாபநாசத்தில் ஓர் உரக்கடையில் வேலை பார்த்தேன். குத்தகை நிலத்தில் பயிர் வைத்த அண்ணனுக்குத் தொண்டையில் புற்று வந்திருந்தது. தஞ்சாவூரில் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். சோறு இறங்கவில்லை. பால் கொடுத்தால் அந்த நிமிஷமே வாந்தி. அண்ணி பச்சைப்பயறையும் வரப்புப் பொன்னாங்கண்ணியையும் குழைய வேகவைத்து, அம்மியில் மழமழவென்று அரைத்து, உப்பு மட்டும் போட்டு ஸ்பூனால் ஊட்டினார். அது ஒன்றுதான் உள்ளே தங்கியது.

மார்கழி முடிகிற சமயம். சம்பா கதிர் சாயத் தொடங்கியிருந்தது. எங்கள் பக்கத்தில் அறுப்புக்குப் பத்து நாள் முன்னாலேயே, நிற்கிற நெல்லுக்குள்ளேயே பயறு தெளித்துவிடுவார்கள். மண் மெழுகுப் பதத்தில் இருக்கவேண்டும். அது காய்ந்தால் முளைக்காது. அதற்கான விதையை அண்ணன் வருஷா வருஷம் தன் வயலிலிருந்தே எடுத்து, சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் போட்டுப் பானையில் கட்டிவைப்பார். வேறு யாரும் அதில் கைவைக்க முடியாது. கடைப்பயறு எவ்வளவு வெந்தாலும் அரைக்கும்போது திப்பித்திப்பியாக நிற்கிறது, அவருக்குப் புரை ஏறுகிறது என்று அண்ணி என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் பானையைத் திறந்துவிட்டார். சாம்பலைத்தான் நாலு தண்ணீரில் கழுவினாரே தவிர, நொறுங்கிய வேப்பிலை ஒன்று கீரையோடு கீரையாகப் போனதை யார் கண்டது?

இரண்டாவது ஸ்பூனில் அண்ணன் நிறுத்தினார். குரல் அப்போது காற்றாகத்தான் வரும்.

"என்ன பயறு?"

"கடைப்பயறுதாங்க."

"கடைப்பயறுல வேப்பிலை ஏது?"

அண்ணி ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தார். "வெதைக்கிற ஆளு இருந்தாத்தானேங்க வெத."

"ஆளு போனாலும் வயலு கெடக்கும்ல. மூடு அத."

அப்புறம் பானை அவர் கட்டிலுக்கு அடியில் இடம்பெயர்ந்தது. கடைப்பொட்டலத்தை அவர் கண்முன்னே பிரித்துக் காட்டிய பிறகுதான் வாயைத் திறப்பார். கடைப்பயறோ திப்பி, ஒரு வாய் உள்ளே, ஒரு வாய் வெளியே. நான் நடுவில் புகுந்து சமாதானம் பேசப்போய், உரக்கடையில் விவசாயிகளுக்குச் சொல்வதுபோல, வீரிய விதை வாங்கித் தருகிறேன் என்றேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில், நான் வாங்கிய பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் போலிருந்தது.

பொங்கலைத் தாண்டவில்லை அவர்.

மறுநாள் சுடுகாட்டில் பால் தெளிப்பு. ஒரு வாய் பால் தாங்காத மனிதருக்கு, எலும்பின் மேல் ஒரு சொம்புப் பால். அவர் தடுக்கவில்லை.

திரும்பி வந்ததும் அண்ணி கட்டிலடியிலிருந்து பானையை இழுத்தார். துக்க வீடு, பதினாறு முடியட்டும் என்றார்கள் பெரியவர்கள். "மண்ணு பதினாறு வரைக்கும் காத்திருக்குமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பானையை என் கையில் கொடுத்தார்.

இடுப்பளவு நெல்லுக்குள் இறங்கித் தெளித்தேன். வரப்பில் நின்ற அண்ணி, "கையை நல்லா வீசுங்க தம்பி, கோழிக்குத் தீனி போடாதீங்க" என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பயறு திட்டுத்திட்டாகத்தான் முளைத்தது. ஆனால் பானை நிறைந்தது.

பிறகு சில வருஷம் அந்த விதை ஓடியது. அறுப்பு மெஷின் வந்தது. அதன் சங்கிலிச் சக்கரத்தின் கீழ் முளை மிஞ்சவில்லை. ஒரு வருஷம் காய்க்கிற நேரத்தில் மழை கொட்டி, செடியிலேயே முளைத்துப்போயிற்று. அதுதான் கடைசி. அண்ணி திருப்பூரில் மகனோடு இருந்து, அங்கேயே போய்ச் சேர்ந்தார். நிலத்தை வேறு யாரோ பார்க்கிறார்கள்.

சூப்பு ஆறிவிட்டிருந்தது. மகள் சொன்னது சரிதான், பால் ஊற்றிய மாதிரியே இருந்தது. ஒவ்வொரு வாயையும் நாக்கில் நிறுத்திப் பார்த்தேன். என்ன தேடுறீங்க, உப்பு கம்மியா என்றாள் மனைவி.

அடிவரை குடித்தேன். கசக்கவே இல்லை.