வைத்தால் ஓடும் வண்டி தேடி நாமக்கல்லுக்கு

சேலம், 1963, தை மாதம். காலை ஆறு மணி.

நாமக்கல் பஸ் புறப்படுவதற்கு வெகு முன்னதாகவே பழனியப்பன் வந்து சன்னலோரம் துண்டு போட்டு வைத்திருந்தார். செவ்வாய்ப்பேட்டையில் மொத்தத் துணி வியாபாரி அவர். தம் கடைக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் வந்து நான் பார்த்ததில்லை. மடியில் ஒரு மரப்பெட்டி. உள்ளே வைக்கோல் பரப்பி, அதன்மேல் மல்துணி விரித்திருந்தது. பிரசவ வார்டிலிருந்து குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோக வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், அந்தோணிசாமி என்று பெயர். அந்த முகத்தைத் தினமும் பார்க்கிறவன்.

எதற்காகப் போகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழனியப்பன் கடையின் மாடியில் எங்களுக்கு ஒரு ரயில் பாதை இருக்கிறது. மார்க்கெட் ஸ்டேஷனில் தொடங்கி ஆத்தூர் வரை, விருத்தாசலம் போகும் மீட்டர் கேஜ் பாதையை இரண்டங்குல அகலத்துக்குச் சிறிதாக்கிப் போட்டிருக்கிறோம். தண்டவாளம் பித்தளைப் பட்டை. ஸ்டேஷன்களும் கைகாட்டிகளும் உண்டு. வாழப்பாடி தாண்டி ஒரு புளியமரம்கூட உண்டு. பெட்டிகளை பிஸ்கட் தகரத்தில் நானே வெட்டினேன். இன்ஜின்தான் இல்லை. கடிகாரச் சுருள் வைத்தும் பொம்மை மோட்டார் வைத்தும் நாங்கள் செய்து பார்த்ததெல்லாம் வாழப்பாடிக்கே போய்ச் சேராமல் நின்றுவிடும். அப்புறம் விரலால் தள்ள வேண்டியதுதான். கடைத்தெருவில் எங்களுக்குத் 'தள்ளு கம்பெனி' என்று பெயர். இரண்டு பேர் வீட்டிலும் அந்தப் பெயர்தான்.

பெட்டியைப் பிரித்துத் தண்டவாளத்தில் வைத்தால் உடனே ஓடும் வண்டிகளை வெளிநாடுகளில் விற்கிறார்கள் என்று ஒரு படப் புத்தகத்தில் பார்த்தோம். அன்றிலிருந்து எங்கள் பேச்சில் அதற்கு 'வைத்தால் ஓடும் வண்டி' என்று பெயர். சிங்கப்பூரில் இருந்த மைத்துனருக்குப் பழனியப்பன் சொல்லிவைத்தார். சுங்கத்தில் விடமாட்டார்கள் என்று பதில் வந்தது. காத்துக் காத்துக் கண் பூத்த பிறகு எங்களுக்கே ஒன்று உறைத்தது. அவர்கள் செய்வது அவர்கள் ஊர் இன்ஜின். நம் ஆத்தூர் பாசஞ்சரை இழுக்கிற இன்ஜினை எந்த நாட்டுக்காரன் செய்து தரப்போகிறான்? நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் நல்லசாமி அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு அகப்பட்டார். அவர் ஊருக்கு ரயிலே கிடையாது. இருந்தும் சேலத்துக்கு வந்து, மார்க்கெட் ஸ்டேஷனில் நின்ற இன்ஜினைச் சுற்றிச் சுற்றி அளந்துகொண்டு போனார்.

அது நடந்து மூன்று தீபாவளி போய்விட்டது. நடுவில் இரண்டு தடவை "ரெடி" என்று லாரி டிரைவர்களிடம் சொல்லியனுப்பினார். நாங்களும் ஓடிப்போய்ப் பார்த்து ஏமாந்து திரும்பினோம். பாடி கட்டுகிறவர்கள் பாஷையில் ரெடி என்றால் மரச்சட்டம் நிறுத்தியாயிற்று என்று அர்த்தம். பலகை அடிப்பதும் வர்ணம் பூசுவதும் அதற்குப் பிறகு. இந்தத் தடவை அந்த வார்த்தையே இல்லை. "ஓட்டிப் பார்த்துட்டேன், வந்து எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சேதி வந்தது. பழனியப்பன் அதை நம்பி, வருகிற ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு முழுவதையும் மாடிக்கு அழைத்துவிட்டார். அன்றைக்கும் விரலால் தள்ளும்படி ஆனால், பாதையைப் பிரித்துப் பித்தளையை எடைக்குப் போட்டுவிடுவதாக மனைவியிடம் வாக்கும் கொடுத்திருக்கிறார். அதை பஸ் கிளம்பிய பிறகுதான் என்னிடம் சொன்னார்.

ஏழு மணி. சேலத்திலிருந்து நாமக்கல் முப்பத்திரண்டு மைல். டிக்கெட் ஒரு ரூபாய் பத்து நயா பைசா. சீலநாயக்கன்பட்டி தாண்டியதும் ஊர் கழன்றுகொள்கிறது. ஒரு பக்கம் சேர்வராயன் மலை பின்னால் போக, இன்னொரு பக்கம் சோளம் அறுத்த காடுகள். மல்லூரில் குச்சிக்கிழங்கு மூட்டைகளைக் கூரைமேல் ஏற்றினார்கள். கிணற்று மேடுகளில் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். மாடு பின்னால் நடக்கும்போது கயிற்றுச் சகடை போடும் சத்தம் பஸ் வரைக்கும் கேட்டது. இவ்வளவு சமமான தரை, நடுவில் பெரிய ஆறு இல்லை, குகை குடைய வேண்டியதில்லை. இதில் ரயில் போடாமல் விட்டிருக்கிறார்களே என்று பழனியப்பன் வழியெல்லாம் குறைப்பட்டுக்கொண்டு வந்தார். அவர் கண்ணுக்கு எந்த நிலமும் பாதை போடுகிற நிலம்தான்.

ராசிபுரத்தில் பஸ் நின்றது. நெய்க்குப் பேர்போன ஊரில் நெய் தோசை சாப்பிடாமல் போவது பாவம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் பெட்டியை விட்டு அசையவில்லை. பொட்டலம் கட்டி வாங்கி வந்து கொடுத்தேன். பாதியைத் தின்றார், மீதியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

ஒன்பது மணி சுமாருக்கு நாமக்கல். சமவெளி நடுவில் ஒற்றைப் பாறை, அதன் தலையில் கோட்டை. அடிவாரத்தில் ஆஞ்சநேயர் மேலே கூரையில்லாமல் கை கூப்பி நிற்கிறார். புது லாரி எது வந்தாலும் முதல் தேங்காய் அங்கேதான். பரமத்தி ரோட்டில் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. வெறும் சேசிஸாக உள்ளே போகும் லாரி, பாடி கட்டி, வர்ணம் தீட்டி, அரக்கு மணத்தோடு கல்யாண மாப்பிள்ளை போல வெளியே வருகிறது. வடக்கே எந்த ஊருக்குப் போனாலும் அதன் முதுகில் நாமக்கல் என்று எழுதியிருக்கும்.

நல்லசாமி வாசலிலேயே நின்றார். தடித்த மீசை. அடக்கமாகப் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"வாங்க, வாங்க. சீமைக்காரன் பாத்தாலும் அசந்துபோவோணுமுங்க. உள்ள வந்து பாருங்க."

பட்டறை நடுவில், பாதி கட்டின லாரி பாடி ஒன்றுக்கு அடியில் புகுந்து வரும்படி பலகைகளைப் பரப்பி, நாங்கள் கொடுத்திருந்த தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டியிருந்தார். அதன்மேல் நின்றது எங்கள் இன்ஜின்.

அதை எப்படிச் சொல்வது? கறுப்பு உடம்பு, பித்தளைக் கூம்பு, சக்கரங்களைக் கோத்து ஓடும் தண்டுகள், கரி வண்டியில் உண்மையான கரித்தூள். ஏணிப் படிகூட வளைந்து இருந்தது. மார்க்கெட் ஸ்டேஷன் இன்ஜினில் அந்தப் படி நிஜமாகவே வளைந்துதான் இருக்கும். பழனியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். உள்ளே லாரி வைப்பர் மோட்டார். லாரி பாட்டரியிலிருந்து தண்டவாளத்துக்கு மின்சாரம். அதைச் சக்கரம் வழியாக மோட்டார் எடுத்துக்கொள்ளும்.

முதல் ஓட்டம் பூஜையில்லாமல் நடக்குமா? பக்கத்துப் பட்டறைக்காரர்கள், டிரைவர்கள், வீட்டுப் பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். புது லாரிக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் எங்கள் இன்ஜினுக்கும் நடந்தது. மாலைக்குப் பதில் ஒரு முழம் கதம்பம். புகைக் கூண்டில் விபூதிப் பட்டை. சக்கரம் சக்கரமாகச் சந்தனம், குங்குமம். சக்கரத்துக்கு அடியில் வைக்கப் பெரிய எலுமிச்சம்பழம் வேண்டாம், இது ஏறி நசுக்காது என்று நான் கெஞ்சியதில், சுண்டைக்காய் அளவு பிஞ்சு ஒன்றைத் தேடி வந்து அதையும் கையால் நசுக்கியே வைத்தார்கள். சூடம் காட்டித் தேங்காய் உடைத்து, நல்லசாமி சுவிட்சைப் போட்டார்.

இன்ஜின் நகரவில்லை.

மறுபடி போட்டார். பிஞ்சை எடுத்துவிட்டுப் போட்டார். பாட்டரி ஒயரை உரசினால் பொறி பறக்கிறது. சுவிட்சைப் போட்டால் இன்ஜின் கல்லாக நிற்கிறது. முந்தின நாள் சாயங்காலம் பத்துச் சுற்று ஓடியது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நல்லசாமியின் நெற்றியில் வியர்வை இறங்கி மீசைக்கு வந்தது. பழனியப்பன் குந்தி உட்கார்ந்தார். இத்தனை வருஷப் பழக்கம். அவர் விரல் தானாகவே கரி வண்டியின் முதுகுக்குப் போனது.

நல்லசாமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தள்ளிப்புடாதீங்க. தள்ளித்தான் போகும்னா அது என்ற வண்டி இல்லீங்க."

என் கண் சக்கரத்தில் நின்றது. சந்தனம் பொட்டாக மட்டும் இல்லை. வழிந்து, சக்கரம் தண்டவாளத்தைத் தொடுகிற விளிம்பிலெல்லாம் காய்ந்து கெட்டியாகப் பிடித்திருந்தது. காய்ந்த களிம்பைப் பார்த்தே வயிறு வளர்க்கிறவன் நான். மின்சாரம் ஏற வழியே இல்லை. துடைத்தால் ஓடும் என்று சொன்னேன்.

ஒருவரும் அசையவில்லை. நான் சொன்னது தப்பு என்று யாரும் நினைக்கவில்லை. துடைப்பது யார் என்பதுதான் சங்கடம். ஒரு டிரைவர் இரண்டடி பின்னால் போய் நின்றார். ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பழனியப்பன் என்னைப் பார்க்காமல் வெளியே தெரிந்த கோட்டைப் பாறையைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு அடி போகாத வண்டிங்க. வெச்ச பொட்டை அழிச்சா வெளங்குமுங்களா?" என்றார் நல்லசாமி. என் பக்கம் திரும்பினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கம்பவுண்டர் சாமி, நீங்க வேதக்காரருங்க, மாதா கோயிலுக்குப் போறவருங்க. உங்களுக்கு இந்தக் கணக்கு இல்லீங்க. நீங்க தொடையுங்க" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. துடைத்தும் ஓடாவிட்டால் மூன்று வருஷக் காத்திருப்பும் என் கைக்குட்டையின் தலையில் விழும். வேதக்காரன் தொட்டான், வண்டி படுத்துவிட்டது என்று ஆகிவிடும். ஆனாலும் அத்தனை பேர் நடுவில் தம் மூன்று வருஷ உழைப்பை என் கையில் கொடுக்கிறாரே என்று பெருமையாகவும் இருந்தது. குந்தி உட்கார்ந்தேன். சக்கரத்தின் முகத்தில் இருந்த பொட்டு ஒன்றையும் தொடவில்லை; விளிம்பை மட்டும் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். கீழே கிடந்த அந்த எலுமிச்சைப் பிஞ்சால் தண்டவாளத்தைத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்தேன். பித்தளைக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. என் பங்குக்கு அந்தோணியாரையும் மனத்துக்குள் கூப்பிட்டுக்கொண்டேன்.

நல்லசாமி சுவிட்சைப் போட்டார். இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கியது. தண்டுகள் மேலும் கீழும் அசைந்தன. அப்புறம் யார் விரலும் படாமல், நெற்றிப் பட்டையோடும் கதம்பத்தோடும் அது புறப்பட்டுப் போனது. வளைவில் தடுமாறவில்லை. வட்டத்தைச் சுற்றி வந்து எங்களைக் கடந்து மறுபடியும் போனது. அந்த லாரி பாடிக்கு அடியில் நுழைந்து அது வெளியே வந்தபோது, வாய் பொத்தியிருந்த பெண் சிரித்துவிட்டாள். பழனியப்பன் நல்லசாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நிறுத்தலாமா என்று கேட்டபோது எல்லாரும் வேண்டாம் என்றார்கள். சாப்பாட்டு நேரம் வரை ஓடியது.

மூன்று மணி பஸ். பெட்டியைக் கூரைமேல் போடச் சொன்னார் கண்டக்டர். பழனியப்பன் அதற்கும் ஒரு டிக்கெட் வாங்கி எங்களுக்கு நடுவில் உட்கார வைத்தார். பாறை மறைகிறவரை நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கள் சேலத்தில் அகலப் பாதையும் உண்டு, மீட்டர் கேஜும் உண்டு. பகலும் இரவும் விசில் காதைத் துளைக்கிறது. இருந்தும் ஒரு நல்ல இன்ஜின் எங்கள் கைக்கு வரவில்லை. அதைச் செய்து கொடுத்தது, ரயில் சத்தமே கேட்காத ஊர். நாமக்கல்லும் சேர்ந்த என் ஜில்லாவைப் பற்றி அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட கர்வம் கொஞ்சநஞ்சம் இல்லை.

ராசிபுரத்தில் பஸ் நின்றதும், குலுக்கலில் ஏதாவது ஆகியிருக்குமோ என்று பழனியப்பன் பெட்டியைத் திறந்தார். முன் இருக்கையில் கோட்டுப் போட்ட ஒருவர் எட்டிப் பார்த்தார். மெட்ராஸில் பெரிய கடைகளில் இப்படிப்பட்டவற்றைப் பார்த்திருக்கிறாராம். இன்ஜினைக் கண்டதும் அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"பிரமாதமாக இருக்கிறதே. எந்த நாட்டுச் சரக்கு சார், ஜெர்மனியா?"

"நாமக்கல்" என்றார் பழனியப்பன்.

அவர் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து அந்த மனிதர் சிரித்தார். "நாமக்கல்லா? அங்கே ஏது சார் ரயில்?"

பழனியப்பன் மல்துணியை இழுத்து இன்ஜினை மூடினார். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"நேத்து வரைக்கும் இல்லைங்க."