மேனேஜரின் ஞாயிற்றுக்கிழமை எடை

முப்பத்தோரு வருடம் அவர் லாரிகளை எடை போட்டார். தரையோடு தரையாக ஓர் இரும்பு மேடை, பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை, அறைக்குள் அவர். காலி லாரி மேடையில் ஏறும், எண்ணைக் குறித்துக்கொள்வார். அதே லாரி சரக்கோடு திரும்பும், மறுபடியும் குறிப்பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. கேட்க எளிதாக இருக்கும். அந்த ஒரு கழித்தலுக்குள் மனிதர்கள் என்னவெல்லாம் ஒளித்துவைப்பார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

காலி எடையின்போது டிரைவர் இறங்கி ஓரமாக நிற்பான். பார எடைக்கு உள்ளே ஏறி உட்கார்ந்துகொள்வான். எழுபது கிலோ சரக்கு சும்மா முளைத்துவிடும். அவர் ஜன்னலைத் தட்டி, "அண்ணே, உங்களையும் சேர்த்தா விக்கிறாங்க?" என்பார். டிரைவர் அசடு வழிய இறங்குவான். எழுதிய எண்ணை மாற்றச் சொல்லி அவரிடம் யாரும் இரண்டாவது முறை கேட்டதில்லை.

அப்படிப்பட்ட மனிதர், ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த நாட்களில், தன் வீட்டுப் பூனையின் எடையில் ஐந்து வாரம் பொய் காட்டினார். பூனை செத்துப்போனது. பொய் சாகவில்லை. அதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பதினெட்டு நாளாக அவர் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துகொண்டிருந்தார்.

பூனையின் பெயர் மேனேஜர். மனைவி வைத்த பெயர். சாம்பல் உடம்பு, முன்னங்கால் இரண்டும் வெள்ளை. காலையில் வாலைத் தூக்கிக்கொண்டு ஒவ்வோர் அறையாகச் சுற்றி வரும். இங்கே ஒருவருக்கும் வேலை தெரியவில்லை என்பதுபோல் ஒரு பார்வை பார்க்கும். பிறகு நாற்காலியில் ஏறித் தூங்கிவிடும். "நம்ம வீட்டுக்குன்னு வாய்ச்ச மேனேஜரப் பாருங்க" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அடுத்த நிமிடமே அதற்குப் பால் ஊற்றுவாள்.

மனைவி போய் இரண்டு வருடம் ஆகிறது. நோயில் கிடந்த எட்டு மாதமும் வாரம் ஒரு முறை அவளுடைய எடையை எழுதிவைத்தவள் மகள். ஐம்பத்திரண்டில் தொடங்கிய எண் முப்பத்தேழில் நின்றது. அந்தத் தாளை மகள் கிழிக்கவும் இல்லை, திரும்ப எடுத்துப் பார்க்கவும் இல்லை.

மகள் மருத்துவமனையில் கருவிகளைப் பழுதுபார்ப்பவள். பிறந்த குழந்தைகளை எடை போடும் மெஷின்கள் அவள் பொறுப்பு. எடைக்கல் வைத்துச் சரிபார்த்து, ஸ்டிக்கர் ஒட்டி, அதில் கையெழுத்துப் போடுவாள். வீட்டில் இருந்த எடை மெஷினையும் விட்டுவைக்கவில்லை. அதன் அடியிலும் ஒரு ஸ்டிக்கர், ஒரு கையெழுத்து.

மேனேஜருக்குப் பதினோரு வயது நிரம்பியபோது கால்நடை டாக்டர் சொன்னார்: "வயசாகுது. வாரம் ஒரு தடவ எடை பாருங்க. நாலு கிலோ நானூறுக்குக் கீழ போனா உடனே தூக்கிட்டு வந்துடுங்க."

மேனேஜர் மெஷினில் ஒரு நொடி நிற்காது. அதனால் லாரிக்குச் செய்வதையே செய்தார்கள். முதலில் அவர் மட்டும் ஏறுவார். அது காலி எடை. பிறகு பூனையை அணைத்துக்கொண்டு ஏறுவார். அது பார எடை. மகள் கழித்துப் பார்த்து, சமையலறைச் சுவரில் ஒட்டிய கட்டத்தாளில் புள்ளி வைப்பாள். ஞாயிறுதோறும் காலை காப்பிக்கு முன்னால் இது நடந்தது.

நாலு அறுநூறு. நாலு ஐந்நூற்றைம்பது. நாலு ஐந்நூறு. மூன்றாவது புள்ளியை வைத்துவிட்டு மகள் சாப்பிடாமல் எழுந்து போனாள். அடுத்த நாளும் சாப்பிடவில்லை. அந்த எட்டு மாதமும் அவள் முகத்தில் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது.

சனிக்கிழமை அவள் வேலைக்குப் போன பிறகு அவர் தனியாக எடை போட்டுப் பார்த்தார். நாலு நானூறு. கீழே போகவில்லை, சரியாக நானூறுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுநாள் காலி எடை முடிந்து, பூனையைத் தூக்கக் குனிந்த நேரத்தில், மெஷினைச் சரிபார்க்க மகள் வீட்டில் வைத்திருந்த எடைக்கற்களில் ஒரு நூறு கிராம் கல்லைச் சட்டைப் பைக்குள் நழுவவிட்டார்.

"நாலு ஐந்நூறு! அப்படியே இருக்குப்பா!"

மகள் சிரித்தாள். அந்த வாரம் முழுக்க வயிறாரச் சாப்பிட்டாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் செய்தார். வேறு காரணம் இருந்திருந்தால் இத்தனை நாளில் அவரே கண்டுபிடித்து, அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருப்பார்.

ஒரு வாரத்தில் தேறிவிடும் என்று நினைத்தார். மீனை முள் நீக்கி வேகவைத்து, மகளுக்குத் தெரியாமல் ஊட்டிப் பார்த்தார். மேனேஜர் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்த ஞாயிறு இருநூறு கிராம் தேவைப்பட்டது. அதற்கடுத்து முந்நூறு. ஐந்தாவது ஞாயிறு பை தொங்காமல் இருக்க மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டார்.

மகள் ஒரு முறை பூனையின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள். "என்னப்பா, கைல எலும்பு தட்டுது?"

"முடி கொட்டுதும்மா. அதான் அப்படித் தெரியுது."

"ஆமா. எடை அப்படியேதானே இருக்கு."

கையை விட்டுவிட்டு எண்ணை நம்பினாள். எண்ணை நம்பு, கண்ணை நம்பாதே என்று சின்ன வயதிலிருந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

ஐந்தாவது ஞாயிற்றுக்குப் பின் செவ்வாய்க்கிழமை மேனேஜரால் நாற்காலியில் ஏற முடியவில்லை. டாக்டரின் மெஷின் மூன்று கிலோ எண்ணூற்றைம்பது காட்டியது. மகள் தன் தாளை நீட்டினாள். டாக்டர் தாளைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார். "உங்க மெஷின்ல ஏதோ கோளாறு. கிட்னி ரொம்ப மோசமாயிருக்கு. ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா சலைன் ஏத்தி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கலாம்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மேனேஜரைத் தூக்கிக்கொண்டு மகளின் பின்னால் நடந்தார்.

வியாழக்கிழமை மதியம், மகளின் மடியில், மேனேஜர் அடங்கியது.

அதன் பிறகு மகள் மெஷினைச் சாப்பாட்டு மேஜையில் கழற்றிப் போட்டாள். எடைக்கல் வைத்தாள், சரியாகக் காட்டியது. பூட்டினாள், மறுபடியும் கழற்றினாள். மூன்று முறை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தார். தரையில் உருண்ட ஸ்க்ரூவைப் பொறுக்கிக் கொடுத்தார்.

"கல்லுன்னா உண்மையச் சொல்லுது, பூனைன்னா பொய் சொல்லுது. அறுநூத்தம்பது கிராம்ப்பா! எங்க தப்புன்னே தெரியல."

"விடும்மா."

"எப்படி விடறது? இதே கையாலதானே குழந்தைங்க மெஷினுக்கும் கையெழுத்துப் போடறேன்?"

வேலை இடத்திலும் ஒவ்வொரு மெஷினையும் நான்கு முறை சோதிக்க ஆரம்பித்தாள். கடைசியில் ஒரு கடிதம் எழுதினாள். தன்னைப் பழுதுபார்க்கும் பிரிவிலிருந்து எடுத்து, ஸ்டோரில் போடும்படி. திங்கட்கிழமை கொடுக்கப்போவதாகச் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமைதான் டாக்டரிடம் வேலை பார்க்கும் கம்பவுண்டரம்மா போன் செய்தாள்.

"சார், ஒரு பூனை இருக்கு. நாலு வயசு. வளர்த்தவங்க வீடு மாறிப் போறாங்க, வெச்சுக்க முடியாதாம். ஒரு காது பாதிதான் இருக்கும். குணம் தங்கம்னெல்லாம் சொல்ல மாட்டேன். முந்தாநாள் டாக்டரையே கடிச்சிருச்சு."

"டாக்டருக்கு எப்படி இருக்கு?"

"ஊசி போட்டுக்கிட்டாரு. பூனை நல்லா இருக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

மகளிடம் சொன்னார். அவள் தட்டிலிருந்து நிமிரவில்லை.

"வேணாம்ப்பா. இன்னொண்ணையும் நான் கொல்லணுமா?"

அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். சொன்னால் மகள் தன் வேலைக்குத் திரும்பிவிடுவாள். அப்பாவிடம் திரும்புவாளா தெரியாது. சொல்லாவிட்டால் அப்பா பத்திரமாக இருப்பார். மகள் ஸ்டோரில் பெட்டி எண்ணிக்கொண்டிருப்பாள்.

சனிக்கிழமை அவர் பத்துச்சக்கரத்தைப் பார்க்கப் போனார். பத்துச் சக்கர லாரி ஓட்டியவர், பெயரே அதுவாகிவிட்டது. இப்போது பஞ்சர் கடை வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் எடைமேடையில் இவரிடம் ஆறு முறை பிடிபட்டு, ஏழாவது முறை நண்பராகிவிட்டவர். இவர் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை பத்துச்சக்கரம் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா இது? காலி எடைக்கு வெறும் பை, பார எடைக்குக் கல்லா? இது என் வித்தையாச்சே!"

"சிரிக்காதய்யா."

"சிரிக்காம? லாரில கெடந்த தண்ணி டிரம்ம இறக்க மறந்து வந்ததுக்கு, கொட்டற மழைல திரும்பிப் போகச் சொன்ன ஆளு நீ. பூனைக்கு மட்டும் சலுகையா?" டியூபைத் திருப்பினார். குமிழி வரவில்லை. "பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னா மூஞ்சிலயே முழிக்க மாட்டா."

"முழிக்க மாட்டாதான். நான் கூட ஒரு வருஷம் உன் மூஞ்சில முழிக்கல. அதுக்காக நீ எடைய மாத்தியா எழுதின?"

பத்துச்சக்கரம் அடுத்த டியூபை எடுத்தார். இவர் வீட்டுக்கு வந்தார்.

ஞாயிறு காலை மகள் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். சுவரில் தாள் அப்படியேதான் இருந்தது. கடைசி ஐந்து புள்ளிகளும் கயிறு பிடித்ததுபோல் ஒரே நேர்கோட்டில்.

"மெஷின்ல தப்பு இல்லம்மா," என்றார். "நான்தான். கல்ல பைக்குள்ள போட்டுக்கிட்டு ஏறினேன். அஞ்சு வாரமும்."

மகள் அடுப்பை அணைத்தாள். திரும்பியபோது குரல் மருத்துவமனையில் பேசும் குரலாக இருந்தது.

"எந்த வாரம் எவ்வளவு?"

அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. "நாலாவது வாரம் நூறு. அப்புறம் இருநூறு. முந்நூறு. நானூத்தம்பது. அறுநூறு."

அவள் பேனாவை எடுத்து ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே உண்மையான புள்ளியை வைத்தாள். கோடு இழுத்தாள். அது படியிறங்குவதுபோல் இறங்கியது. ஒரு குழந்தைகூட அதைப் பார்த்துப் பூனையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கும்.

"ஏன்ப்பா?"

"நீ சாப்பிடல."

"நான் சாப்பிடலன்னா நான் பட்டினி. அதுக்கு ஏன் அது சாகணும்?"

மகள் பேனாவை மூடினாள்.

"மூணு தடவ கழட்டினேன். பக்கத்துல உக்காந்து ஸ்க்ரூ பொறுக்கிக் குடுத்தீங்க." அங்கேதான் குரல் உடைந்தது. பேனாவை வைத்துவிட்டு, மேனேஜர் செத்த அன்றுகூட அழாதவள், நின்றபடியே அழுதாள். அவர் அருகில் போகவில்லை. போகும் தகுதி அன்றைக்குத் தனக்கு இல்லை என்று அவருக்குப் பட்டது. அடுத்த அறையில் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மகள் வேலைக்குப் போனாள். கடிதம் மேஜையிலேயே கிடந்தது. மாலையில் அது கிழிந்து குப்பையில் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு மூச்சு சீராக வந்தது.

ஆனால் மகள் பேசவில்லை. செவ்வாய் போனது, புதன் போனது. "பால் வாங்கணும்" என்று ஒரு துண்டுச் சீட்டு வந்தது. வாங்கிவைத்தார். அவர் தட்டில் எப்போதும்போல் சாப்பாடு இருந்தது. எதிர் நாற்காலிதான் காலியாக இருந்தது. இரண்டு நாள் சாப்பிட்டார். இவ்வளவுக்குப் பிறகும் தன் வயிறு பசிக்கிறதே என்று வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை மாலை மகள் வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றாமலேயே வாசலில் நின்றாள். கையில் மூடி போட்ட புதுக் கூடை.

"கம்பவுண்டரம்மாகிட்ட பேசிட்டேன். இன்னைக்கு வரைக்கும் பிடிச்சு வெச்சிருக்காங்க. வரீங்களா?"

சட்டையை மாற்றக்கூட நிற்காமல் கிளம்பினார்.

பூனை கூண்டின் மூலையில் முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தது. மஞ்சளும் கறுப்பும் திட்டுத் திட்டாக, யாரோ தூரிகையை உதறியதுபோல். மேனேஜரின் சாயல் மருந்துக்கும் இல்லை. மகள் விரலை நீட்டினாள். பளார் என்று ஓர் அடி விழுந்தது. விரலில் ரத்தம் பொட்டாக எழுந்தது.

"சொன்னேன்ல?" என்றாள் கம்பவுண்டரம்மா பெருமையாக. "இந்தாங்க, ஃபாரத்துல ஒரு பேர் வேணும். யார் பேர்ல எழுதட்டும்?"

மகள் விரலைச் சப்பிக்கொண்டே யோசித்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பா பேர்ல எழுதுங்க," என்றாள். "பகல்ல வீட்ல இருக்கறது அவர்தான்." கொஞ்சம் பொறுத்து, அவரைப் பார்க்காமலேயே, "எனக்கு நல்ல செய்தி வேணாம்ப்பா. என்ன இருக்கோ அதச் சொல்லுங்க. போதும்."

"சொல்றேன்மா."

கையெழுத்துப் போட்டார். கம்பவுண்டரம்மா தடித்த கையுறை மாட்டிக்கொண்டு, ஏகப்பட்ட வசவுகளோடு பூனையைக் கூடைக்குள் திணித்தாள்.

தெருவில் மகள் முன்னால் நடந்தாள். கூடை அவர் கையில். உள்ளேயிருந்து உறுமல் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. கூடை நினைத்ததைவிடக் கனத்தது. நன்றாகத் தின்று வளர்ந்த பூனை. தெருமுனையில் மகள் நின்று அவருக்காகக் காத்திருந்தாள்.

"காது எப்படிப் போச்சுன்னு கேட்டீங்களா?"

"கேக்கலம்மா."

"கேட்டிருக்கலாம்."

"திரும்பிப் போய்க் கேட்டுட்டு வரட்டுமா?"

"வேணாம், நடங்க. பாவம், அதுக்கு உள்ள மூச்சு முட்டும்."