ஆயிரத்தொன்பது அகல்கள்

நூறு வைக்க வேண்டிய இடத்தில் நூற்றொன்று வைப்பது நம் வீட்டு வழக்கம். பிள்ளைகளே, அப்படிக் கூட்டிய ஓர் ஒன்று என் அக்காவின் படிப்பையே பறிக்கப் பார்த்தது.

அம்மா காய்ச்சலிலிருந்து பிழைத்தெழுந்தால் கார்த்திகைக்கு ஆயிரத்தெட்டு அகல் ஏற்றுவதாக அப்பா வேண்டியிருந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சின்னக் கோயில் ஒன்று உண்டு. அதன் திடலில், எல்லா வரிசையிலும் விளக்குகள் சமமாக நிற்க வேண்டும் என்பது வேண்டுதல். அத்தை, "எட்டோட நிறுத்தாதே, ஒண்ணு கூட்டி வை" என்றாள். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். மறுபேச்சு ஏது?

அகல்களை எண்ணி வாங்கியவள் அக்கா. கார்த்திகையன்று மத்தியானம் அப்பா அடுக்க ஆரம்பித்தார். வரிசைக்கு இருபது வைத்தார், ஒன்பது மிஞ்சியது. இருபத்துநாலு வைத்தார், ஒன்று மிஞ்சியது. முப்பது வைத்தார், பத்தொன்பது மிஞ்சியது. வேண்டுதல் குறைபடுகிறதே என்று அவருக்கு வேர்த்துவிட்டது.

"எண்ணினது இவதானே? அஞ்சு வருசமா ஸ்கூலுக்குப் போயி அகலு எண்ணத் தெரியல. எதுக்குடா தம்பி இதுக்குப் படிப்பு? நிறுத்திரு" என்றாள் அத்தை.

அப்பா "ம்" என்றார். ஏற்கெனவே பாதி மனசு அப்படித்தான் இருந்தது அவருக்கு.

அக்கா அழவில்லை. "சரியாத்தான் எண்ணுனேன்ப்பா. இது எதுலயும் அடங்காத எண்ணு" என்று சிலேட்டை எடுத்துத் தரையில் உட்கார்ந்தாள். இரண்டால் வகுத்தாள், மூன்றால் வகுத்தாள். இரண்டு போகாத இடத்தில் நாலும் ஆறும் போகாது என்று அவற்றைத் தாண்டினாள். ஐந்து, ஏழு, பதினொன்று என்று போய் முப்பத்தொன்றில் நிறுத்தினாள். எல்லாவற்றிலும் மீதி வந்தது.

"அதுக்கு மேல?" என்றார் அப்பா.

"வேணாம்ப்பா. முப்பத்திரண்டு வரிசையில முப்பத்திரண்டு வெச்சாலே ஆயிரத்து இருபத்துநாலு. நம்மகிட்ட அவ்வளவு இல்ல. அதனால ஒரு பக்கம் பெருசுன்னா இன்னொரு பக்கம் முப்பத்தொண்ணுக்குள்ளதான் வரும். அதெல்லாம் பாத்தாச்சு. ஒரே வரிசையா வேணா வைக்கலாம், ஸ்டேஷன் வரைக்கும் போகும்."

அப்பா சிரிக்கவில்லை. பத்துப் பத்தாகக் கூறு போட்டார். நூறு கூறும் ஒன்பது அகலும் வந்தன. "எண்ணிக்கை சரிதான்" என்று அத்தையிடம் மெதுவாகச் சொன்னார்.

அத்தை லேசில் தோற்பவளா? "அப்ப அந்த ஒண்ணை நான் கையில ஏந்திக்கிறேன்" என்றாள். மற்றவை இருபத்தெட்டு வரிசையில், வரிசைக்கு முப்பத்தாறாக, அழகாக எரிந்தன. அத்தை ஓரத்தில் விளக்குத்தண்டு போல நின்றாள்.

எனக்கு அக்கா மேல் சந்தேகம் போகவில்லை. முப்பத்திரண்டிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை ஒளிந்திருந்து வகுத்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அவள் ஏன் முப்பத்தொன்றோடு நிறுத்தினாள் என்பது புரியவே எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

திங்கட்கிழமை காலை நல்ல மழை. ராத்திரி வேலை முடித்துத் தூங்க வேண்டிய அப்பா, அக்காவின் புத்தகங்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தபடி ரயில் தண்டவாளம் போகும் கம்பிச் சடக்கு ஓரமாகப் பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்து போனார்.

மழைக்காகத்தான் போகிறார் என்று நினைத்தேன்.