மூன்றாவது ஓலை

என் அக்காவின் கல்யாணத்துக்கு இரண்டு ஓலைதான் வாசித்தார்கள். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முந்தின மூன்று ஞாயிற்றுக்கிழமையும் ஆராதனையில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் போதகர் வாசித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்பார். அதைத்தான் ஓலை வாசிப்பது என்போம். முதல் ஞாயிறு அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. இரண்டாவது ஞாயிறு வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மூன்றாவது ஞாயிறு போதகர் அறிவிப்புகளை எல்லாம் வாசித்தார், தாளை மடித்தார், நேராகப் பாட்டு எண்ணைச் சொல்லிவிட்டார். சபை முழுக்கத் திரும்பி எங்களைப் பார்த்தது.

கல்யாணத்தை நிறுத்திவிட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாளே போதகரிடம் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து சொல்ல அவர்களுக்கும் மனசில்லை, அவருக்கும் தைரியமில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பா அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைக்குப் போனவர். பாலிஷ் தூசியில் நெஞ்சு கெட்டு, நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். அக்கா படிப்பை விட்டுவிட்டு பனியன் கம்பெனியில் சேர்ந்தாள். துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் ஒன்றரை ஷிப்ட். காலையில் போனால் இருட்டின பிறகுதான் வருவாள். தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். என்னையும் கம்பெனியில் சேர்த்துவிடலாம் என்று அம்மா சொன்னபோதெல்லாம் அவள்தான் விடவில்லை. "நீ படி அம்மிணி. ரெண்டு பேரும் மெஷின்ல உக்கோந்தா ரெண்டு முதுகும் போயிரும்" என்பாள். ஞாயிறு ஒரு நாள்தான் அவளுக்கு லீவு. அன்றைக்கும் கோயில் வராந்தாவில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்துவாள்.

அதைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். எங்கள் ஊர் ராயபுரத்தில் வீடு, வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. மாப்பிள்ளையின் அப்பா சபைக் கமிட்டியில் இருந்தார். அவன் அம்மா எங்கள் வீட்டில் உட்கார்ந்து, "இந்தப் புள்ள எங்க ஊட்டுக்கு வந்தா பேரம்பேத்தியெல்லாம் பக்தியா வளரும்ங்க" என்று சொன்னதை நானே கேட்டேன்.

இரண்டாவது ஓலைக்கும் மூன்றாவது ஓலைக்கும் நடுவில் சோமனூரிலிருந்து ஒரு சம்பந்தம் அவர்களுக்கு வந்தது. பவர்லூம் வைத்திருக்கும் குடும்பம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் சும்மா நிறுத்தினால் சபையில் பேச்சு வரும். அதனால் ஒரு காரணம் செய்தார்கள். அக்காவுக்கும் கம்பெனி சூப்பர்வைசருக்கும் தொடர்பு, இரண்டு பேரையும் ஆஸ்பத்திரி வாசலில் சேர்த்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்று அந்த மூன்றாவது ஞாயிறு மத்தியானமே சபை மாதர் சங்கக் கூட்டத்தில் அவன் அம்மாவே சொல்லிவிட்டாள். எதற்கு ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் சாமர்த்தியம்.

அன்றைக்கு ஆராதனை முடிந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள். அக்கா வரவில்லை. வராந்தாவில் பாயை விரித்து, வந்த பிள்ளைகளை உட்கார வைத்து, ஆண்டவர் சீஷர்களின் காலைக் கழுவின கதையைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு எங்கள் காதுக்கும் வந்துவிட்டது. அம்மா இல்லாத நேரம் பார்த்து அக்காவைப் பிடித்து உலுக்கினேன். "ஆஸ்பத்திரிக்குப் போனியா இல்லியா?"

"போனேன்" என்றாள்.

அவள் மெஷினுக்குப் பக்கத்தில் ஹெல்பராக ஒரு பெண் இருந்தாள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவள், தாயில்லாப் பிள்ளை, என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். அந்த சூப்பர்வைசர் அவளை ஏமாற்றிவிட்டான். கரு கலைந்து உயிருக்கு ஆபத்தாகிவிட்டது. அக்காதான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாள். அதோடு விடாமல் அந்த ஆளின் வீட்டு வாசலில் போய் நின்று, வரமாட்டேன் என்றவனை இழுத்துவந்து, டாக்டர் முன்னால் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வைத்திருக்கிறாள். அக்காவும் அவனும் வெளியே வந்ததைத்தான் யாரோ பார்த்திருக்கிறார்கள்.

"அப்ப அதைச் சொல்லு! அடுத்த ஞாயித்துக்கிழமையே சபையில எந்திரிச்சு நின்னு சொல்லு!"

"அவ பேரைச் சொல்லித்தான் என் பேரைக் கழுவணும். அவளுக்கு ஊர்ல அப்பன் மட்டும்தான். தெரிஞ்சா வெட்டிப் போட்ருவான். 'யாருட்டயும் சொல்லிராதிய அக்கா'ன்னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கிருக்கா." பிறகு என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "நீயும் சொல்லமாட்ட. அம்மாகிட்டக்கூட."

போதகர் கூப்பிட்டு விசாரித்தபோதும், "ஆண்டவருக்குத் தெரியுமுங்கய்யா" என்பதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைத் தாழ்மை என்று இரண்டு மூன்று பேர் புகழ்ந்தார்கள். மீதிப் பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டாள் என்றார்கள். எனக்கு இரண்டுமே எரிந்தது. உண்மை என் வாய்க்குள் கிடந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அதற்குப் பிறகு அக்காவைக் கேட்டு ஒரு வரனும் வரவில்லை.

அந்த நாட்களில் நான் உருக்கமாக ஜெபம் செய்தேன். சோமனூர் சம்பந்தத்தை முடித்துக்கொண்ட அந்த மாப்பிள்ளையின் கம்பெனி ஊசியெல்லாம் உடைய வேண்டும், துணியெல்லாம் சாயம் போக வேண்டும், சோமனூர்க்காரி அவனை ஒரு நாளும் நிம்மதியாகச் சாப்பிட விடக் கூடாது. ஒரு தடவை உதடு அசைவதை வைத்தே அக்கா கண்டுபிடித்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "சத்தமாவே கேளு அம்மிணி. உள்ளயே வெச்சா புண்ணாயிரும். அவருக்கு இதெல்லாம் கேட்டுப் பழக்கம்தான்" என்றாள்.

கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. எக்ஸ்போர்ட் வந்தது, ஊரே பெருத்தது, அவர்களும் பெருத்தார்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பெனி தனிக் கட்டிடமானது. நான் அக்காவின் உழைப்பில் டீச்சர் ட்ரெய்னிங் முடித்து, பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடிபோனேன். அக்கா அதே மெஷின், அதே வராந்தா.

அந்த வராந்தாவுக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய மாப்பிள்ளை தன் மகளைக் கொண்டுவந்து விட்டான். நாலைந்து வயசிருக்கும். அவன் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான். அக்கா எழுந்துபோய்ப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, எல்லாருக்கும் முன்னால் பாயில் உட்கார வைத்தாள்.

"உனக்கு ரோசமே இல்லியாக்கா?" என்று கேட்டேன்.

"புள்ள என்ன பண்ணுச்சு?"

பிள்ளை ஒன்றும் பண்ணவில்லைதான். ஆனால் என் பையனை அந்த வகுப்புக்கு நான் அனுப்பவில்லை. அந்தப் பெண்ணோடு ஒரே பாயில் அவனை உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. அப்படியே வருஷங்கள் போயின. அக்கா ஜெபம் செய்வது போலவே அந்தப் பெண் கண்ணை இறுக்க மூடி ஜெபித்தாள். அக்கா மாதிரியே சபை விருந்துகளில் கடைசி ஆளாகச் சாப்பாட்டு வரிசையில் நின்றாள். என் பையன் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடினான்.

தொண்ணூறுகளின் நடுவில் அவளுக்குத் திடப்படுத்தல் வந்தது. ஞானஸ்நானத்தில் பெற்றோர் சொன்ன விசுவாசத்தை, வளர்ந்த பிள்ளை சபை முன்னால் நின்று தன் வாயால் சொல்லும் ஆராதனை அது. அதற்கு முந்தின வாரம் கோயிலைக் கழுவப் போயிருந்தோம். நானும் அவளும் ஒரு பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

"அக்கா, எங்கப்பாவுக்கும் டீச்சருக்கும் கல்யாணம் பேசி நின்னுபோச்சாமா? டீச்சரைக் கேட்டா, பெரியவங்க விஷயம் கண்ணுங்கறாங்க." என் அக்காவைத்தான் அவள் டீச்சர் என்பாள்.

பத்துப் பன்னிரண்டு வருஷமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன் போல. துணியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து சொன்னேன். ஓலை நின்றது, சோமனூர் சம்பந்தம், அவள் அப்பாயி மாதர் சங்கத்தில் பேசினது, எல்லாவற்றையும். தென்காசிப் பெண்ணைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. "அது பொய். எனக்குத் தெரியும். உங்க ஊட்டுல சொன்ன பொய்" என்றேன். நிதானமாக, ருசித்துச் சொன்னேன். அதைத் தப்பு என்று இன்றுவரை நான் நினைக்கவில்லை. அந்த வீட்டுக்குள் ஒரு கல்லையாவது எறிய வேண்டியிருந்தது, என் கைக்குக் கிடைத்த கல் அதுதான்.

அவள் அழவில்லை. பெஞ்சைத் துடைத்து முடித்து, துணியைப் பிழிந்து காயப் போட்டுவிட்டுப் போனாள். மறுநாள் அக்காவிடம் போய், எனக்குத் திடப்படுத்தல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அக்கா நேராக என் வீட்டுக்கு வந்தாள். "நீதான சொன்ன?"

"ஆமா."

"வா, அவங்க ஊட்டுக்குப் போலாம். புள்ளைய நாந்தான் சமாதானம் பண்ணணும்" என்றாள்.

அந்த வீட்டு வாசற்படியை அவள் அதுவரை மிதித்ததில்லை. தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் போனேன். ஹாலில் அவன் இருந்தான், அவன் மனைவி இருந்தாள், அவன் அம்மா நாற்காலியில் இருந்தாள். அவன் அப்பா அதற்குள் செத்துப்போயிருந்தார். எங்களைக் கண்டதும் கிழவி ஆரம்பித்தாள். "வந்துட்டாங்களா! புள்ள மனசைக் கெடுத்ததே இவங்கதான்."

"நீங்க கண்ணால பாத்தீங்களா அப்பாயி?" என்றாள் அந்தப் பெண்.

"சொன்னாங்க கண்ணு."

"யாரு சொன்னாங்க?"

அந்தப் பெண் அப்பாவிடம் திரும்பினாள். "சபை முன்னால நின்னு நான் விசுவாசிக்கறேன்னு சொல்லணும்ப்பா. அதே சபையில நம்ம சொன்ன பொய் அப்படியே நிக்குது. அதுக்கு மேல நின்னு நான் எப்படிச் சொல்லட்டும்? டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்கப்பா."

அவன் எழுந்து அக்காவைப் பார்த்துச் சொன்னான். "மன்னிச்சுருங்க. அது பொய்யின்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க."

அவன் நம்பி ஏமாந்தான் என்றுகூட நான் நினைத்ததில்லை. ஆனால் அக்கா நினைத்திருக்கிறாள். அவள் முகத்தில் அது தெரிந்தது. பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அவன் மனைவி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அக்கா குடித்துவிட்டு, "தெரியுமுங்களா?" என்றாள்.

"தெரியுமுங்க."

"நீங்க நம்பிட்டீங்கன்னு நினைச்சுத்தான் இத்தன வருசம் மன்னிச்சிருந்தேன். இது வேறயா இருக்குதுங்க. இதுக்கு மறுபடியும் மொதல்ல இருந்து மன்னிக்கணும். எனக்குக் கொஞ்ச நாள் வேணும்."

இத்தனை வருஷம் நான் ஆசைப்பட்ட எந்தச் சாபமும் அவன் முகத்தை அப்படி வெளிற வைத்திருக்காது. அக்கா பழிவாங்குவதற்காகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அதனால்தான் அவனால் தாங்க முடியவில்லை.

பிறகு அவள் பிள்ளையின் பக்கம் திரும்பினாள். "நீ ஞாயித்துக்கிழமை நிக்கற கண்ணு. உங்கப்பா உண்மையச் சொல்லிட்டாரு. மீதி எனக்கும் ஆண்டவருக்கும்." அந்தப் பெண் நின்றாள். வெள்ளைத் தாவணியில், கணீரென்று சொன்னாள். சபை முன்னால் அவள் அப்பாவும் எழுந்து, அன்றைக்குச் சொன்னது பொய் என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லி உட்கார்ந்தான். அவன் அம்மா எழவில்லை.

அந்த மாதம் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து வந்தபோது அக்கா பெஞ்சை விட்டு நகரவில்லை. ஒருவர் மேல் மனத்தாங்கல் வைத்துக்கொண்டு அப்பத்தை வாங்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். அடுத்த மாதமும் போகவில்லை. ஒரு முறைகூடத் தவறாதவள் உட்கார்ந்திருப்பதைச் சபை பார்த்தது. அவன் அப்பம் வாங்கித் திரும்பும்போது அவளைத் தாண்டித்தான் வர வேண்டும். மூன்றாவது மாதத்திலிருந்து அவனும் போவதை நிறுத்தினான். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, கிறிஸ்மஸைவிட அந்த ஞாயிறுகளுக்குத்தான் நான் ஆசையாகப் புறப்பட்டுப் போனேன்.

ஒரு ஞாயிறு அவள் எழுந்தாள். யாரையும் பார்க்காமல் நடந்துபோய் முழங்கால் போட்டாள். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன், "மறந்துட்டியாக்கா?"

"மறக்கல. அவருக்கு வலிக்கணும்ங்கறது மட்டும் நின்னுபோச்சு. அது நிக்கறவரைக்கும் தெனமும் அவரு பேரைச் சொல்லிக் கேட்டுட்டே இருந்தேன். பாதி நாள் பல்லைக் கடிச்சுட்டுத்தான்."

"எனக்கு நிக்கலக்கா."

"நின்னுபோச்சுன்னு பொய் சொல்லாம இருக்கியே. இப்போதைக்கு அது போதும்" என்றாள்.

மூன்று நான்கு வருஷம் கழித்து அவன் அம்மா இறந்தாள். அக்கா காலையிலேயே போய்விட்டாள். அவளும் அந்தப் பெண்ணும் சேர்ந்துதான் கிழவியைக் குளிப்பாட்டிப் புடவை கட்டினார்களாம். நான் போகவில்லை. கத்திரிக்காய்க் குழம்பு வைத்து, பசியாறச் சாப்பிட்டேன். நன்றாகவே இறங்கியது.

சாயங்காலம் அக்கா தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரமுடியோடு என் வீட்டுக்கு வந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். தட்டு வைத்துச் சோறு போட்டேன்.

"அந்தப் புள்ள அழுதாளா?" என்றேன்.

"ரொம்ப அழுதா. நாளைக்கு அவளுக்குச் சாப்பாடு கொண்டு போகணும்" என்றாள்.

"சரி, நான் செஞ்சு வெக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.